சாக்கையும் சேர்த்துப் போடு

செப்டம்பர் 1, திங்கள்

பிரஷர் ஏறியிருக்கிறது, கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கோபமே வராது என்று அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அடுத்த அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அடுத்த முறை வரும்போது நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவர் படிக்கப் போவதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பெயர் ரேணுகாதேவி. படிப்பு கெமிக்கல் இன்ஜினியரிங். இருபது வருடம் சாயப்பட்டறைகளில் லேப் அறையைத் தாண்ட விடாமல் வைத்திருந்தார்கள். இப்போது பல்லடத்துக்குக் கிழக்கே, மூடிப்போன ஒரு நூல்மில் கட்டடத்தில் ஒரு முழுத் தொழிற்சாலையே என் கையில் இருக்கிறது. குப்பைப் பிளாஸ்டிக்கை எண்ணெயாக மாற்றுகிறோம். மந்திரம் ஒன்றுமில்லை டாக்டர். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வந்ததுதான் பிளாஸ்டிக். காற்றுப் படாமல் மூடிய ரியாக்டரில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் உடைந்து ஆவியாகும். அந்த ஆவியைக் குழாய்களில் குளிரவைத்தால் மறுபடியும் எண்ணெய். எண்ணெயாகாத வாயுவை அதே அடுப்பில் எரித்துக்கொள்கிறோம். அடியில் மிஞ்சுவது கரி.

இங்கே நான் போட்ட முதல் சட்டம், சாக்கையும் சேர்த்துப் போடு. பிரித்த பிளாஸ்டிக்கை நிரப்பி வரும் சாக்கும் பிளாஸ்டிக்தானே. அவிழ்த்துக் கொட்டி நேரத்தை வீணடிக்காமல் மூட்டையோடு உள்ளே தள்ளு, அதுவும் எண்ணெயாகட்டும். முதலாளி சென்னியப்பன் ஐயாவுக்கு இந்த யோசனையில் உச்சி குளிர்ந்துவிட்டது. யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

இரண்டாவது சட்டம், ஃப்ளெக்ஸ் பேனர் கேட்டுக்குள் வரக் கூடாது. ஃப்ளெக்ஸ் என்பது பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. சூடுபட்டால் அமிலமாகிக் குழாயை அரிக்கும், எண்ணெயையும் கெடுக்கும்.

வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி, பல்லடத்தில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். சிரிக்க வேண்டாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஆடிப் பதினெட்டில் எங்கள் ஆலை திறப்புவிழா. விடிவதற்குள் வீட்டுக்காரர் ஆளுயரத்துக்கு இரண்டு பேனர் அடித்து கேட்டில் கட்டிவிட்டார். என் படம், வைர மூக்குத்தி மின்ன, கையில் ஒரு கண்ணாடிக் குடுவையோடு. கீழே ‘குப்பையைப் பொன்னாக்கும் எங்கள் வீட்டு இன்ஜினியர்’. விருந்தாளிகள் வருவதற்குள் அவிழ்த்துவிடுங்கள், இது என் கண்ணிலேயே படக் கூடாது என்று சொன்னேன். அவரும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து தேவைக்குத்தான் பேசுகிறார். எனக்கும் சௌகரியம்தான்.

அவிழ்க்கச் சொன்னதற்குக் காரணம் ஃப்ளெக்ஸ் எங்களுக்கு ஆகாது என்பது. இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் அது பிரஷருக்குச் சம்பந்தமில்லாதது.

செப்டம்பர் 4, வியாழன்

சென்னைக் கம்பெனியிலிருந்து லாரன்ஸ் என்ற இன்ஜினியர் வந்தார். நம் எண்ணெயை வாங்கி அவர்கள் புதுப் பிளாஸ்டிக் செய்யப் போகிறார்கள். பாய்லரில் எரிக்க அல்ல, மறுபடி பொருளாக்க. இதுதான் நான் கனவு கண்டது. இந்த மாதம் மூன்று தடவை சாம்பிள் எடுப்பார்களாம், முதல் சாம்பிள் இன்றைக்கே. மூன்றாவது சாம்பிள் தேறினால்தான் ஒப்பந்தம்.

“குளோரின் மட்டும் பாத்துக்கோங்க மேடம். மத்ததெல்லாம் நாங்க சமாளிச்சுப்போம்” என்றார்.

கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்கும் செம்புக் கம்பியை அவருக்குக் காட்டினேன். கம்பியைத் தீயில் காய்ச்சி, சந்தேகமான பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். குளோரின் இருந்தால் தீ பச்சையாக எரியும். லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதே இல்லை. எங்கள் ஷெட்டில் எந்த மூலையில் கம்பியை வைத்தாலும் பச்சை வராது என்று சவால் விட்டேன். அவரும் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் டி.வி.எஸ்ஸில் டிபன் கேரியரோடு வந்து நின்றார். சட்டை கையெல்லாம் நீல மை. யார் என்று லாரன்ஸ் கேட்டார். டிபன் கொண்டுவந்தவர் என்றேன். அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, ரியாக்டர் சூடேறிக்கொண்டிருந்தது.

தக்காளிச் சாதம். உப்பு சரியாக இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

சாக்குத் தட்டுப்பாடு. சாக்கையும் சேர்த்துப் போட்டால் சாக்கு திரும்பி வராதே என்று ஸ்டோர் கனகராஜ் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். யாரிடமும் அல்ல, பொதுவாக. அவர் தோசைக்கல்லைப் பார்த்தபடியே, “எத்தன பெரிய சாக்கு?” என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

சாக்கு வந்துவிட்டது. ஒரு சத்தம் போட்டால்தான் கனகராஜுக்கு வேலை ஓடும் என்பது எனக்குத் தெரியாதா. எங்கே பிடித்தாய் என்றேன். “ஒரு எடத்துலங் மேடம்” என்று தலையைச் சொறிந்தான். நல்ல வெள்ளைச் சாக்கு, கெட்டித் தையல். தூரத்திலிருந்து பார்த்தாலே தரம் தெரிகிறது. இதுபோலவே இன்னும் வாங்கிப் போடச் சொன்னேன்.

வீட்டு நடுக்கூடத்தில் தையல் மெஷின் கிடக்கிறது. நடக்க வழியில்லை. எதற்கென்று கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 10, புதன்

முதல் சாம்பிள் தேறிவிட்டது. லாரன்ஸ் போனில், “சூப்பர் மேடம், லிமிட்டுக்கு ரொம்பக் கீழ” என்றார். ஷெட்டில் எல்லோருக்கும் மைசூர்பாகு. பிரிக்கும் பெண்களின் தலைவி பழனாத்தாள் ஒரு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, “பேத்திக்குங்” என்றாள். இன்னொன்று கொடுத்தேன். தேன் நிறத்தில் எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் இரண்டு தின்றேன். டாக்டர் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

ரியாக்டரைத் திறந்தபோது மூக்கைப் பிடுங்கும் நெடி. காற்று மாறி அடித்திருக்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

காற்றும் இல்லை, மண்ணும் இல்லை. அமில நெடிதான். வாயுவைக் கழுவும் சுண்ணாம்புத் தண்ணீர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. குளிரூட்டும் குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது, மூட்டுகளில் துரு. இந்த லட்சணத்தில் லாரன்ஸ் இரண்டாவது சாம்பிள் எடுத்துக்கொண்டு போகிறார்.

எனக்கு இதெல்லாம் புத்தகம் படிப்பதுபோலத்தான். வெள்ளைப் பொடி என்றால் எங்களுக்கு ஆகாத தண்ணீர் பாட்டில் கலந்திருக்கிறது. அமிலம் என்றால் பி.வி.சி. பைப் துண்டு கலந்திருக்கிறது. ஆக, பிரிக்கும் இடத்தில் யாரோ தூங்கி வழிகிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

இரண்டாவது சாம்பிள் தேறவில்லை. குளோரின் எக்கச்சக்கம்.

முதலாளி நேரில் வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆளில்லை, அதுதான் பயம். ரியாக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“அம்மிணி, நூல்மில்ல மூடறப்போ அழுதேன். ஒருக்கா அழுதாச்சு. இதை மூடறதுக்கு எனக்கு அழுகை வராது பாத்துக்க.”

“மூணாவது சாம்பிள் தேறுமுங்கய்யா.”

“தேறலீன்னா இரும்பு வெலைக்கு எடுக்கறதுக்கு ஆள் வந்து பேசீட்டுப் போயாச்சு.”

அந்த ரியாக்டரின் ஒவ்வொரு வால்வையும் நானே நின்று பொருத்த வைத்தேன். அதை யாராவது வெட்டி லாரியில் ஏற்றுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தேறும் என்று சொன்னேன் அல்லவா, தேறும்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் பிரிக்கும் பெண்கள் எல்லோரையும் நிற்கவைத்தேன். ஷிப்டு ஆட்களும் கனகராஜும்கூட இருந்தார்கள். கோபப்படவில்லை. உறுதியாகப் பேசினேன்.

“பாட்டிலும் பைப்பும் மூட்டைக்குள்ள போயிருக்குது. இது கண்ணைத் தொறந்துட்டுப் பிரிக்கறவங்க செய்யற வேலையா?”

பழனாத்தாள் முன்னே வந்தாள். “நாங்க பிரிச்ச மூட்டைல பாட்டிலுமில்லீங், பைப்புமில்லீங். எத வெச்சுச் சொல்றீங்?”

“குழாய்ல இருக்கற பொடி சொல்லுது.”

“பொடி எம் பேரைச் சொல்லுச்சுங்ளா?”

யாரோ சிரித்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. உன் கண்ணுக்கு வயசாயிற்று, வேறு யாரையாவது தலைவியாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கையுறையைக் கழற்றி மடித்து மேசை மேல் வைத்தாள். மற்றவர்களும் கழற்றினார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டைத் தாண்டிப் போனார்கள், அவசரமே இல்லாமல்.

போகட்டும். ஆள் கிடைக்காமலா போய்விடும்.

செப்டம்பர் 20, சனி

ஆள் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் காப்பியை வைத்துவிட்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது.

“சாக்கெல்லாம் இப்ப செரியா வருதா?”

உலகமே தலைமேல் விழுந்துகொண்டிருக்கிறது, இவருக்குச் சாக்குக் கவலை. “இப்ப சாக்கு ஒண்ணுதான் கொறச்சலுங்” என்று எரிந்து விழுந்தேன். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். நான் குடித்து முடிக்கவே இல்லை.

விரலில் எல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பேனர் அடிக்கிறவருக்கு விரலில் இத்தனை காயம் எப்படி வரும் என்று அப்புறம்தான் நினைத்தேன். அதற்குள் கடைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதுவதற்கு முன்னால் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தேன்.

பிரிக்க ஆளில்லாததால் நானே உட்காரலாம் என்று முடிவு செய்தேன். போன வாரமே கட்டி வைத்த மூட்டைகள் அடுக்கில் இருந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்து, உள்ளே ஒளிந்திருக்கும் பாட்டிலையும் பைப்பையும் வெளியே எடுத்து, முதலாளியிடமும் பழனாத்தாளிடமும் காட்டுவது என் திட்டம். கையில் செம்புக் கம்பி, பக்கத்தில் கேஸ் அடுப்பு.

முதல் மூட்டை. பனியன் கம்பெனிக் கவர், பால் பாக்கெட், எண்ணெய் டப்பா மூடி. கம்பியால் தொட்டுத் தொட்டுத் தீயில் காட்டினேன். பச்சை இல்லை. இரண்டாவது, அதுவும் சுத்தம். மூன்றாவது, நான்காவது. பழனாத்தாள் கூட்டம் பிரித்திருந்த அழகைப் பார்த்தால் அரிசியில் கல் பொறுக்கியவர்கள்கூட இப்படிப் பொறுக்கியிருக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் இல்லை. ஒரு பைப் துண்டு இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. சரக்கு சுத்தமாக இருப்பதற்காக ஆத்திரப்பட்ட மேனேஜர் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்தாவது மூட்டை அந்த வெள்ளைச் சாக்கு. கொட்டினால் அடியில் ஏதோ சிக்கிக்கொண்டு வரவில்லை. மூலையைப் பிடித்து உதறினேன். சாக்கு உட்புறம் வெளியே திரும்பிக்கொண்டது.

என் மூக்கு. மூக்கில் வைர மூக்குத்தி.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வெள்ளைச் சாக்கை எடுத்துத் திருப்பினேன். என் ஒரு கண்ணும், கண்ணாடிக் குடுவையும், ‘குப்பையைப் பொ’ என்ற எழுத்தும். அடுத்ததில் யாரோ ஒரு பெண்ணின் பூப்பு நன்னீராட்டு விழா, தாய்மாமன் வரிசையோடு. அடுத்ததில் கண்ணீர் அஞ்சலி.

கம்பியைக் காய்ச்சினேன். என் மூக்கின் ஓரத்தைத் தொட்டுத் தீயில் காட்டினேன். பச்சை. சாமி கும்பிடும்போது கற்பூரத்தைப் பார்ப்பதுபோல அந்தத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளைப் பொடியும் புரிந்தது. ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரே ஜாதி, இரண்டும் பாலியெஸ்டர். பாட்டில் உள்ளே போகவே இல்லை. சாக்குதான் போனது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம், சாக்கு எதனால் ஆனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. சாக்கையும் சேர்த்துப் போடு என்று சட்டம் போட்டது நான்.

கனகராஜைக் கூப்பிட்டேன். சத்தம் போடவில்லை, சாக்கைத் திருப்பிக் காட்டினேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

“சார்தானுங் தைச்சுக் கொண்டாந்தாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாருங். அந்தம்மாக்கெல்லாம் ‘மேனேஜரம்மா ஊட்டுச் சாக்கு’ன்னு தனியா எடுத்து வெச்சு ரொப்புனாங்க. ஃப்ளெக்ஸு வரக் கூடாதுன்னு தெரியுமுங். ஆனா உங்க ஊட்டுலருந்தே வர்றத நாங்க எப்படிங் வேண்டாங்கறது? உங்களுக்குத் தெரிஞ்சுதான் வருதுன்னு நெனச்சமுங்.”

அவர்கள் மேல் என்ன தப்பு. குப்பையில் வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பார்கள்.

மத்தியானமே கடைக்குப் போனேன். அந்தக் கடைக்குள் நான் காலெடுத்து வைத்து எத்தனையோ வருடமாகிறது. மெஷின் ஏதோ ஒரு கல்யாண ஜோடியை இழுத்து இழுத்து அச்சடித்துக்கொண்டிருந்தது. சாக்கை மேசைமேல் போட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“சாக்கு இல்லீன்னு சொன்னே. கடையில மிச்ச ரோலும், தப்பா அடிச்சதும் கெடந்துது. தைச்சுக் குடுத்தேன்.”

“இது எம் மூஞ்சிங்.”

“கண்ணுல படக் கூடாதுன்னியே. அதான் உள்பக்கமா வெச்சுத் தைச்சேன்.”

அங்கேயே உட்கார்ந்தேன். ரியாக்டரில் சாக்கும் சேர்ந்து போகிறது, அதனால் எண்ணெய் கெட்டது, ஆலையை விற்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. என் தோளைத் தொட வந்த கை பாதியிலேயே நின்றது.

“சாக்கும் உள்ள போகும்னு எனக்கெப்படித் தெரியும் ரேணு? உம் பேக்டரியப் பத்தி எங்கிட்ட என்னைக்காவது பேசியிருக்கியா? நான் டிபன் கொண்டு வர்றவன்தான.”

கேட்டிருக்கிறார். அன்றைக்கு லாரன்ஸிடம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டேதான் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு அப்புறம் உட்கார்ந்து எனக்காகச் சாக்கு தைத்திருக்கிறார்.

பேனரை அவிழ்க்கச் சொன்னதற்கு எழுதாமல் விட்ட இன்னொரு காரணத்தை இப்போது எழுதுகிறேன். விருந்தாளிகளெல்லாம் பெரிய கம்பெனி இன்ஜினியர்கள். மேனேஜர் வீட்டுக்காரர் பேனர் அடிக்கிறவர் என்று தெரிந்தால் கேவலம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இத்தனை சின்னதாக இருக்கிறது.

கடையிலேயே அழுதேன். அவர் பேனர் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தார். இப்போது கன்னத்தில் நீல மை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பழனாத்தாள் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

“இங்க வந்து சொல்றதுல பிரயோசனமில்லீங். அன்னிக்கு எல்லாரையும் நிக்க வெச்சுத்தான எங் கண்ணக் கொற சொன்னீங். அதே மாதிரி எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லோணும்.”

“சொல்றனுங்.”

“முதலாளியும் இருக்கோணும்.”

இது கொஞ்சம் இடித்தது. அவருக்கு முன்னால் சொன்னால் என் வேலையே போகலாம். அவள் உரித்த வெங்காயம் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. சரி என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

சொன்னேன். எல்லோரும் நின்றார்கள், முதலாளிக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தது. சாக்கைத் திருப்பி என் மூக்கைக் காட்டினேன், கம்பியைக் காய்ச்சிப் பச்சைத் தீயைக் காட்டினேன். பழனாத்தாளின் கண்ணில் குறையில்லை, குறை என் சட்டத்தில் என்றேன். குரல் ஒருதரம்கூட நடுங்கவில்லை.

முதலாளி சாக்கை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “உம்பட ஊட்டுக்காரர் தையல் நல்லா இருக்குதே” என்றார். எழுந்து போகும்போது, “மூணாவது சாம்பிள் தேறோணும் அம்மிணி. நான் சொன்னதுல மாத்தமில்லை” என்று சேர்த்துக்கொண்டார்.

பழனாத்தாள் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். “மூக்குத்தி நல்லாருக்குதுங். வைரமுங்ளா?” என்று கேட்டாள். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

புதுச் சட்டம்: மூட்டையைக் கொட்டு, சாக்கைக் கம்பியால் தொடு, பச்சை வராவிட்டால் மட்டும் போடு. யார் வீட்டுச் சாக்கானாலும்.

செப்டம்பர் 25, வியாழன்

ரியாக்டரைக் குளிரவைத்து, கரியைச் சுரண்டி எடுத்து, குழாயெல்லாம் கழற்றிக் கழுவினோம். துருப்பிடித்த இரண்டு குழாய் மூட்டுகளை மாற்றினோம். நானும் உள்ளே இறங்கித் தேய்த்தேன். டிபன் கேரியரைக் கொண்டுவந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தாமல் உள்ளே கூட்டிவரச் சொன்னேன். முகமெல்லாம் கரியோடு ரியாக்டரைச் சுற்றிக் காட்டினேன். எது எங்கே நுழைகிறது, எங்கே ஆவியாகிறது, எங்கே எண்ணெயாகிறது என்று எல்லாம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப நான் அடிக்கற ஃப்ளெக்ஸ இதுல ஒண்ணுமே பண்ண முடியாதா?”

“முடியாதுங்.”

“எங்கயும்?”

“அதுக்கு வேற வழி, வேற மெஷின். நம்ம கையில இல்லீங்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஏதோ கணக்குப் போடுகிற முகம்.

செப்டம்பர் 26, வெள்ளி

புதிதாக ஏற்றிய முதல் சுற்று. நெடி இல்லை. எண்ணெய் தேன் நிறம்.

செப்டம்பர் 27, சனி

மூன்றாவது சாம்பிள் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நடந்ததை லாரன்ஸிடம் மறைக்காமல் சொன்னேன். “சாக்கா மேடம்?” என்று மூன்று தடவை கேட்டார். பிறகு தன் கம்பெனியின் செக்கிங் வரிசையிலும் சாக்கைச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. தேறிவிடும் என்று தெரியும். தெரிந்தும் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ரியாக்டருக்குச் சந்தனம் அரைத்து வைத்திருக்கிறார்கள். போன் வரவில்லை.

அக்டோபர் 1, புதன்

காலையில் போனேன். கேட்டில் வாழை மரம், மாவிலைத் தோரணம். பழனாத்தாள் ரியாக்டரின் வயிற்றில் மூன்று விரலால் பட்டை போட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சூட்டில் சந்தனம் காயக் காய மறுபடி வைத்தாள். முதலாளி பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை.

பூஜைக்கு லாரன்ஸே நேரில் வந்து இறங்கினார். போனில் சொல்லக்கூடிய சேதி என்றால் போனிலேயே சொல்லியிருப்பாரே என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி, சாமியைக் கும்பிட்டு, சுண்டலை வாங்கி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னார்.

“தேறிடுச்சு மேடம். முதல் சாம்பிளைவிட நல்லா வந்திருக்கு. ஒப்பந்தப் பேப்பர் கார்ல இருக்கு.”

முதலாளி பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் கட்டிய நூலையே மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். இரும்பு வியாபாரிக்கு இன்றைக்கே போன் போட்டு வர வேண்டாமென்று சொல்லச் சொன்னார். பழனாத்தாள் என் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

அப்போது டி.வி.எஸ். சத்தம். அவர் டிபன் கேரியரோடு வரவில்லை. தோளில் ஒரு சுருள். கேட்டுக்கு வெளியேயே நின்றுவிட்டார். லாரன்ஸ் அடையாளம் கண்டுகொண்டு, “உங்க டிபன்காரர் வந்துட்டாரு மேடம்” என்றார்.

“டிபன்காரர் இல்லீங்க. என் வீட்டுக்காரர். ஈஸ்வரமூர்த்தி. பல்லடத்துல ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வெச்சிருக்கறார். அந்தச் சாக்கைத் தைச்சவரும் இவர்தானுங்க.”

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சத்தம் எனக்கு எப்போதும் உண்டு, அது ஒரு தடவையாவது உருப்படியாகப் பயன்படட்டும்.

அவர் சுருளைப் பிரித்துக் காட்டினார். அதே படம். வைர மூக்குத்தி, குடுவை, ‘குப்பையைப் பொன்னாக்கும் எங்கள் வீட்டு இன்ஜினியர்’. மூக்கு நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது.

“திருப்பூர்ல ஒருத்தர்கிட்ட போய்த் துணியில அடிக்கக் கத்துட்டு வந்தேன்” என்றார் அவர். “பருத்தித் துணிங். இனி கடையில இதையும் போடலாம்னு இருக்கறேன். உள்ள கட்டலாமா?”

சட்டம் சட்டம்தான். பேனரின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கினேன். கழுத்திலிருந்த செம்புக் கம்பியைக் கழற்றி, பூஜைக் கற்பூரத்தில் காய்ச்சி, நூலைத் தொட்டுத் தீயில் காட்டினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவர் மட்டும் தீயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை வரவில்லை.

கேட்டைத் திறந்து, ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்துக் கட்டினேன்.